சந்தனம் பூசிய டிஸ்கெட்

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலி, இரத்த அழுத்தம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை போன் செய்தானா இல்லையா, இவ்வளவுதான் பேச்சு. தான் செய்த தப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை. பள்ளியில் நீங்கள் பக்கத்து வகுப்பில் படித்த காலத்திலிருந்து என்னை நல்ல பிள்ளை என்றே வைத்திருக்கிறீர்கள். வகுப்புச் சாவி என்னிடம் இருந்தது, அப்பா கோயில் கமிட்டியில் இருந்தார், என் நோட்டுப் புத்தகத்தின் அட்டை வருடக் கடைசி வரைக்கும் கிழியாது. நல்ல பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அந்த நல்ல பிள்ளை செய்த காரியத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

எண்பதுகளின் பிற்பகுதி அது. உங்களுக்கு மறந்திருக்காது. விடிவதற்குள் தெருமுனையில் தொழிற்சாலை வேன் வந்து நிற்கும். நம் அம்மாக்களும் அக்காக்களும் சோற்று டப்பாவோடு அதில் ஏறிப் போவார்கள். 'ஸோன்' என்று சொன்னால் போதும், ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் வேலை என்று ஊருக்கே புரியும். கரும்பு வெட்டின கைகளெல்லாம் புல்லோவர் என்கிற குளிர்ச் சட்டை பின்னப் போய்விட்டன. கொஞ்சம் பிரெஞ்சு பேசத் தெரிந்த பையன்கள் ஹோட்டல் வேலைக்குப் போனார்கள். படிப்பு ஏறாத பெண்ணுக்கு மூன்றாம் ஃபார்ம், அதாவது ஒன்பதாவது, முடிந்ததும் வேனில் ஓர் இடம் காத்திருக்கும். படிப்பு ஏறுகிற பெண்ணுக்கும் பல வீடுகளில் அதே இடம்தான் காத்திருந்தது.

தீவின் தென்கரையில், சுயாக்கில் நம் பள்ளிக்கூடம் இருந்த மேட்டில் கடல் சத்தம் ஓயாது. அந்தப் பக்கம் அலையைத் தடுக்கப் பவளப் பாறை இல்லையென்பதால் கடல் நேராக வந்து மோதும். உப்புக் காற்று பட்டு ஜன்னல் கம்பி, பூட்டு, காம்பஸ் பெட்டி எல்லாமே துருப்பிடித்திருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு, நாங்கள் மூன்றாம் ஃபார்மில் இருந்தபோது, ஒரு புல்லோவர் தொழிற்சாலை தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தது. புத்தகங்கள் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஜன்னலை அடைத்து, ஏர்கண்டிஷன் வைத்தார்கள். அது முக்கால்வாசி நேரம் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூசி ஆகாது என்று எல்லோரும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குழாயடியில் கால் கழுவிக்கொண்டு போன பெண்கள்கூட உண்டு. கோயிலுக்குள் போகிற பழக்கம், கால் தானாகவே அப்படிச் செய்தது.

எங்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்த மிஸ்தான் கம்ப்யூட்டருக்கும் மிஸ். அந்த மெஷினில் படம் போடும் புரோகிராம் ஒன்று இருந்தது. பதினாறு நிறம். அம்புக்குறிச் சாவியால் ஒரு புள்ளியை நகர்த்தி நகர்த்திச் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்ப வேண்டும். மெஷினுக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. போட்ட படமெல்லாம் டிஸ்கெட்டில்தான் இருக்கும். வெற்றிலை அளவில் கறுப்பாக, சதுரமாக, நடுவில் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு நீள்வட்டத் திறப்புமாக இருக்குமே, அதேதான். தண்ணீர் ஆகாது, வெயில் ஆகாது, காந்தம் ஆகாது, திறப்பில் விரல் படவே கூடாது. இதை மிஸ் எங்களைத் தினமும் சொல்ல வைப்பார். முப்பது பெண்களும் தேவாரம் மாதிரி ஒப்பிப்போம். யாராவது மறந்திருந்தால் அவளை மன்னித்துவிடலாம். நான் மறக்கவில்லை.

முப்பது பேருக்கு ஒரு மெஷின் என்பதால் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். ஒருத்தி கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்து வாசிப்பாள், இன்னொருத்தி சாவியைத் தட்டுவாள். எனக்கு ஜோடியாக வந்தவள் பெல் ஒம்ப்ர் என்ற ஊர்க்காரி. கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மா புல்லோவருக்குக் கழுத்துப் பட்டி வைக்கும் மெஷினில் வேலை பார்த்தவள். கட்டத்தாள் வாங்க முடியாமல் இவள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தானே கோடு போட்டுக்கொண்டு வருவாள். கோடு இம்மி பிசகாது.

ஆகஸ்டில் மிஸ் ஒரு செய்தி சொன்னார். தொழிற்சாலையில் புல்லோவருக்குப் படம் போடும் அறைக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அவளுக்கு அங்கேயே தொழில் சொல்லிக் கொடுப்பார்கள், பள்ளிப் படிப்பும் நிற்காது, பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. அக்டோபரில் அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து மெஷினில் போட்ட படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எனக்கு இது ஒரு பரிசுப் போட்டி மாதிரிதான் பட்டது. பெல் ஒம்ப்ர்க்காரிக்கு அப்படி இல்லை. அன்றைக்கு ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"டிசம்பரோட நிறுத்திடுவேன்னு மம்மா சொல்லியாச்சு. வேன்ல எனக்கு இடம் சொல்லி வச்சிருக்காங்க. இதுல என்னை எடுத்தா மட்டும் படிக்கலாமாம்."

நாங்கள் பேசியது இந்தத் தீவின் பொது மொழியான கிரியோல்தான். அப்போதெல்லாம் எனக்குக் கோயில் தமிழ் தவிர வேறு தமிழ் வராது. பிற்பாடு படித்துத் தமிழ் டீச்சர் ஆனதால் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் தென்னை மரம், சூரியன், பாய்மரப் படகு என்று ஹோட்டல் போஸ்டரைப் பார்த்துப் போட்டார்கள். நானும் என் முறைக்கு ஒரு தென்னை மரம் போட்டேன். 'பரவாயில்லை' என்று மிஸ் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். பெல் ஒம்ப்ர்க்காரி முருங்கைக் கீரையைப் போட்டாள். வீட்டு மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து, தாளில் பரப்பி, எந்தக் காம்பில் எத்தனை இலை, எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டாள். ஐந்து கட்டத்தில் ஓர் இலை. வெளிப் பச்சை, உள் பச்சை, வெயில் பட்ட ஒரே ஒரு மஞ்சள் கட்டம். "வலது மூணு, கீழே ரெண்டு, பச்சை," என்று அவள் வாசிக்க நான் தட்டுவேன். ஆறு வாரம் தட்டினேன். திரையில் கொத்து கொத்தாகக் கீரை இறங்கி வந்தபோது அறையைப் பூட்ட வந்த ஆயாகூட எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டா குளிராது போல," என்றாள்.

இப்போது சொல்கிறேன், அந்தப் படத்தில் என்னுடையது ஒன்றும் இல்லை. நான் வெறும் விரல். ஆனால் ஆறு வாரம் தட்டிய விரலுக்கு அது தெரியவில்லை. ஒவ்வோர் இலையும் என் கையில் முளைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மிஸ் அந்த டிஸ்கெட்டின் மேல் ஒட்டும் சீட்டில் பெயர் எழுதினார். அழுத்தினால் கெட்டுவிடும் என்று மெத்தென்ற முனையுள்ள பேனாவால் மெதுவாக எழுதினார். ஒரே ஒரு பெயர். அவளுடையது. பிறகு வகுப்பின் முன்னால் அதை அவள் கையில் கொடுத்து, "திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாள் வருகிறார். அதுவரைக்கும் இது உன் பொறுப்பு," என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், சத்தமாகவே தட்டினேன். கண் மட்டும் அந்தச் சீட்டில் என் பெயருக்கு இடம் தேடியது.

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்தில் அவள் என்னை ஓரமாக அழைத்தாள்.

"பூஜையில வைக்காம எதையும் குடுக்காதேன்னு மம்மா சொல்றாங்க. நான் வர முடியாது. பா ப்ரோப்."

சுத்தமில்லை என்று அர்த்தம். அந்த மூன்று நாளைக்கு நம் பெண்கள் சொல்லும் சொல் உங்களுக்குத் தெரியாததா?

"நீ கொண்டு போய் வைக்கிறியா? நாளைக்குத்தானே. உறையோடவே வை, என்ன?"

டிஸ்கெட்டை அதன் காகிதக் கூட்டில் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரத்தை மடித்துக் குத்தி வைத்திருந்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் ஒரு கையால் வாங்கிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முன்னால் பேனாவைக் கோயிலுக்குக் கொண்டு போவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மன் முன்னால் பித்தளைத் தாம்பாளங்களில் புத்தகமும் பேனாவும் ஜியோமெட்ரி பெட்டியும் குவிந்து கிடந்தன. ஒருவர் தன் கார் ஓட்டும் லைசென்ஸைக்கூட வைத்திருந்தார். அப்பா கமிட்டி என்பதால் எங்கள் தாம்பாளம் முன் வரிசையில். நான் டிஸ்கெட்டை எடுத்தேன். குத்தியிருந்ததைப் பிரித்து உறையிலிருந்து வெளியே எடுத்தேன். காகிதக் கூட்டிலிருந்தும் எடுத்தேன். மூடி வைத்தால் பூஜை சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் அட்டை போட்ட புத்தகங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றின் அட்டையை நான் பிரிக்கவில்லை.

ஐயர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கலசத்து மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் என் தாம்பாளத்தில் நின்றார்.

"இது என்னம்மா இது, கறுப்பா சதுரமா? மேல தண்ணி படலாமா?"

எனக்கு அவர் தமிழ் புரியவில்லை என்று பிற்பாடு சொன்னேன். பொய். வேகமாகப் பேசினால் பாதி புரியாதுதான், ஆனால் அவர் நிதானமாகக் குனிந்து கேட்டார். தண்ணீர் என்ற சொல் இந்தத் தீவில் நம் குழந்தைகளில் யாருக்குத் தெரியாது? கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்திருந்தது. 'ஆகாது' என்று தினமும் ஒப்பித்த வாய் இது. நான் தலையை ஆட்டினேன், படலாம் என்று.

அவர் மூன்று முறை தெளித்தார். பிறகு மோதிர விரலால் சந்தனத்தை எடுத்துப் பொட்டு வைத்தார். நீள்வட்டத் திறப்புக்கு நேராக வைத்தார். பொட்டு வைக்கத் தோதான இடம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

அழிந்து போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கொஞ்சம் கெடட்டும், நாலு இலை கெடட்டும், திங்கட்கிழமை அவள் தவிக்கும்போது நான் உட்கார்ந்து தட்டிச் சரி செய்து கொடுப்பேன், மிஸ் என் பெயரையும் எழுதுவார். என் கணக்கு இப்படித்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து சந்தனத்தைப் பாவாடை நுனியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது திறப்புக்குள் போனது. அப்புறம் உறையில் போட்டு, அவள் குத்தியிருந்த ஓட்டையிலேயே மறுபடி குத்தி வைத்தேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலை அம்மாள் வந்தார். குட்டை முடி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அவரும் வாசலில் செருப்பைக் கழற்றினார். மிஸ் டிஸ்கெட்டை உள்ளே தள்ளினார். மெஷின் ஒரு முறை சுழன்றது, பிறகு அம்மியில் மணல் விழுந்தது போலக் கரகரவென்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். நாலாவது முறை மிஸ் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார்.

"சந்தனம்," என்றார். அவர் நம் ஆள் இல்லை, ஆனாலும் அந்த வாசனை தெரியாமல் இந்த நாட்டில் யாரும் வளர்வதில்லை. "உன் கையில்தானே கொடுத்தேன்?"

பெல் ஒம்ப்ர்க்காரி என்னைப் பார்த்தாள். மிஸ்ஸும் என்னைப் பார்த்தார்.

"கோயில்ல வச்சோம், மிஸ்," என்றேன். "அவதான் வைக்கச் சொன்னா. ஐயர் கேட்டது எனக்குப் புரியல."

"ஆமா மிஸ். நான்தான் சொன்னேன்," என்றாள் அவள். உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உறையோடுதான் வைத்திருப்பேன் என்று அவள் நம்பினாள்.

மிஸ் அந்த அம்மாளிடம் பிரெஞ்சில் சொன்னார், கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள், எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் இந்த மூட நம்பிக்கை போகாது என்று. எங்களுக்குப் புரியாது என்று நினைத்தாரா, புரிந்தால் என்ன என்று நினைத்தாரா, தெரியவில்லை. பெல் ஒம்ப்ர்க்காரி ஓடிப்போய்ப் பையிலிருந்து காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

"ஆனா தாள்ல போடுறவங்க எங்ககிட்ட நிறைய இருக்காங்கம்மா. மெஷினைக் காப்பாத்தத் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்."

அன்று அவர் யாரையும் எடுக்கவில்லை. என் தென்னை மரத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவள் இழந்தது எனக்கும் கிடைக்கவில்லை.

மத்தியானம் குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். திட்டினால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது.

"உன் மேல ஒண்ணும் இல்ல," என்றாள். "அன்னிக்கு நான் பா ப்ரோப். அந்தக் கையால தொட்டு உனக்குக் குடுத்தேன். சாமிகிட்ட போற சாமானை நான் தொட்டிருக்கக் கூடாது. அதான் இப்படி ஆயிடுச்சு."

நான் அப்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'உன்னால் இல்லை, என்னால்' என்று. இடம் போனது போனதுதான், ஆனால் அவள் அந்த நினைப்பைச் சுமந்திருக்க மாட்டாள். நான் சொன்னது, "பா கொனே." தெரியாது என்று தோளைக் குலுக்கினேன். அதோடு என் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை நான் சீருடையில் பஸ்ஸுக்கு நின்றபோது வேன் கடந்து போனது. ஜன்னலோரம் அவள், அவளுக்குப் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டு அவள் அம்மா. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த ஆண்டு முழுக்க நான் வேறு நேரத்துப் பஸ்ஸில் போனேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கம். பிறகு கல்யாணம், வேலை, பிள்ளைகள். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அவளை அப்புறம் நான் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல். தொழிற்சாலை மூடியபின் பெல் ஒம்ப்ரில் வந்த ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். புது வீட்டுப் பூஜைக்கு எல்லோரையும் அழைக்கிற சாக்கில் அவள் வீட்டுக்கும் போனேன். அவளுக்குக் கல்யாணம் தாமதம், ஒரே பெண், பள்ளியில் படிக்கிறாள். அரசாங்கம் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்த சமயம் அது. வகுப்பில் எல்லோரும் அதில்தான் படம் போடுகிறார்கள், மறுநாள் தன் பங்கை அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். சொன்னாளே தவிர கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப்லெட் அலமாரியின் மேல் தட்டில், துண்டில் சுற்றி இருந்தது.

"ஏன் அங்க வச்சிருக்கே?" என்றேன்.

"பா ப்ரோப்," என்றாள் தோழி, மகளைக் காட்டி. "இன்னும் ரெண்டு நாள். நம்ம டிஸ்கெட் ஞாபகம் இருக்குல்ல? மாசா மாசம் எடுத்து வச்சிடுவேன்."

"தொழிற்சாலையில நீ எல்லா நாளும் மெஷினைத் தொட்டியே."

"அது இரும்புதானே. எழுத்தும் படமும் உள்ளதுலதான் சரஸ்வதி இருக்கா."

அங்கேயே சொல்லிவிட்டேன். உறையைப் பிரித்தது, கூட்டிலிருந்து எடுத்தது, ஐயர் கேட்டது, எனக்குப் புரிந்தது, தலையை ஆட்டியது, சீட்டில் ஒரே பெயர் இருந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். பேசும்போதே அழுகை வந்தது. உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"அயோ, இத்தனை வருஷம் கழிச்சு எனக்காக இப்படி ஒரு பழியை எடுத்துக்கணுமா? அன்னிக்கும் நீதான் எனக்கு பிஸ்கட் குடுத்தே. நீ அப்படிச் செய்யிற ஆளா? நம்ம வகுப்புல உன்னை மாதிரி நல்ல பிள்ளை யாரு?"

"சத்தியமாச் சொல்றேன்."

"சரி, சரி," என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட உள்ளே போனாள்.

அந்தப் பெண் அதுவரைக்கும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தாந்தின், அப்போ நான் தொடலாமா?"

எல்லா அத்தை சித்திகளையும் நம் பிள்ளைகள் கூப்பிடுகிற அந்த ஒரே சொல்லில்தான் என்னையும் கூப்பிட்டாள்.

"தொடு," என்றேன். "ஒண்ணும் ஆகாது. நான் சொல்றது உண்மை."

அவள் அலமாரியைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "மம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்," என்றாள்.